பதினேழாம் எண் வில்லை

பொதுப் பட்டறையில் முதலில் காணாமல் போவது பென்சில். அடுத்தது அளவு நாடா. அதற்கும் அடுத்தது அரை அங்குல உளி. யாரும் திருடுவதில்லை. எடுத்தவர் வேலை முடிந்ததும் உளியைப் பக்கத்தில் வைக்கிறார், அதன்மேல் ஒரு பலகையைச் சாய்க்கிறார், பலகைமேல் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். அவ்வளவுதான், உளி போயிற்று.

டன்கோரி ஆண்கள் ஷெட்டில் இரண்டு வருடமாக ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை, அது எப்படி என்று டாஸ்மேனியாவின் மற்ற ஷெட்டுகளும் தெரிந்துகொள்ளும்படி இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. உங்கள் பத்திரிகைக்குத் தேவையில்லாததை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் ரயில்வே சாமான் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். மனைவி யூனா போன பிறகு வீட்டில் அடுக்கி வைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவளுடைய மசாலா டப்பாக்களை எழுத்து வரிசைப்படி வைத்தேன், பிறகு உயர வரிசைப்படி வைத்தேன். டாக்டர்தான் ஷெட்டுக்குப் போகச் சொன்னார். திங்களும் புதனும் ஊரில் ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி நாற்காலி பழுது பார்ப்பார்கள், பாலர் பள்ளிக்கு மர வாத்து செய்வார்கள், பத்து மணிக்கு டீ குடிப்பார்கள். நான் போன முதல் நாள் ஒரு சுத்தியலைத் தேட நாற்பது நிமிடம் ஆயிற்று. தேடியது நான் மட்டும்தான். மற்றவர்கள் கல்லை எடுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நிழல் பலகையைச் செய்தேன். சுவரின் நீளத்துக்கு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்து ஓரம் வரைந்து, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கருவி மாட்டியிருந்தால் கறுப்பு தெரியாது. எடுத்துவிட்டால் அதன் நிழல் மட்டும் நிற்கும். பிறகு ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை வெட்டி எண் அடித்தேன். கருவியை எடுப்பவர் அதே ஆணியில் தன் வில்லையை மாட்ட வேண்டும். வாசலில் நின்று பார்த்தாலே யாரிடம் எது இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வில்லைக்கு இன்னொரு வேலையும் உண்டு. இயந்திரத்துக்குள் கையை விடுகிறவன் முதலில் அதன் சுவிட்சை அணைத்து, அதில் தன் வில்லையை மாட்ட வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வேறு எவன் கையும் அதில் படக் கூடாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ரயில்வேயில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் உயிர். முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமும் இதுதான்.

ஆளுக்கு ஒரு வில்லைதான் கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒருவன் ஒரு கருவிதான் பிடிக்க முடியும் என்பது என் கணக்கு. அது தவறு என்று முதலில் சொன்னவன் டெஸ். மாடு வைத்துப் பால் கறந்து பிழைத்தவன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். சத்தமாகப் பேசத் தெரியாது.

"நெவ், ஒரு வில்லை பத்தலடா. இழைப்பு மெஷின்ல பிளேடு மாத்தறப்ப சுவிட்சுக்கு ஒண்ணு வேணும், ஸ்பேனருக்கு ஒண்ணு வேணும். ரெண்டு எடத்துல எப்படிடா மாட்டறது?"

பார்க்கலாம் என்றேன். பித்தளைத் தகடு என் மேசையிலேயே இருந்தது, வெட்டுவதற்கு அரை நாள் போதும். நான் வெட்டவில்லை. அடுத்தவன் சொல்லி என் பலகையில் ஒன்று மாறுவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால் அது சின்னத்தனம்தான்.

கிளைவ் வந்தது அதற்குப் பிறகு. பள்ளிப் பேருந்து ஓட்டியவன். டன்கோரியில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அவன் வண்டியில் போனவர்கள். அவன் உள்ளே நுழைந்தால் ஷெட் சிரிக்க ஆரம்பித்துவிடும். எனக்கு அது வராது. நான் பேச ஆரம்பித்தால் ஆட்கள் கெட்டிலைப் பார்க்கப் போய்விடுவார்கள். பொறாமைதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா," என்பான் என்னைப் பார்த்து. "ஒரு ஸ்குரூ டிரைவர் ஊருக்குப் போகணுமாம். டிக்கெட் கெடைக்குமா, இல்ல வெயிட்டிங் லிஸ்டா?"

எல்லோரும் சிரிப்பார்கள். டெஸ்கூடச் சிரிப்பான், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொள்வான். கிளைவ் எடுத்த கருவி எதுவும் அதன் நிழலுக்குத் திரும்பியதில்லை. உளியால் பெயிண்ட் டப்பா திறப்பான். அவனுடைய வில்லை, பதினேழாம் எண், பாதி நாள் அவன் சட்டைப் பையிலேயே கிடக்கும். நான் கேட்டால் அதை எடுத்து முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொள்வான்.

அந்த ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினான். அன்றுதான் முதல் தடவை அவன் கேலி செய்யாமல் பேசியது.

"இங்க வர்றவன் யாரு? பொண்டாட்டி செத்தவன், வேல போனவன், வீட்ல பேச ஆளில்லாதவன். வந்து ஒக்காந்து ரெண்டு ஆணி அடிச்சிட்டு, நாலு வார்த்த பேசிட்டுப் போறான். அவனுக்கு எதுக்குப்பா நம்பரு? நாம என்ன ஜெயில்லயா இருக்கோம்? நாலு பெரிய பெட்டி வைப்போம். சாமான அதுல போடுவோம். நெவில் கோவிச்சுக்கக் கூடாது, நீ நல்லாத்தான் செஞ்சிருக்கே. ஆனா அந்தப் பலகையப் பாத்தா எனக்கே பயமா இருக்குய்யா."

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று. முப்பத்தொரு பேரில் எத்தனை பேர் என் பக்கம் என்று எண்ணிப் பார்த்தேன். டெஸ் ஒருவன், அதுவும் இரக்கத்தினால். எனக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பலகை ஒன்றுதான். அதைக் கழற்றி நாலு பெட்டியில் கொட்டப் போகிறார்கள். அன்று வீட்டுக்குப் போய் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். யூனா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. புதன்கிழமை. டீ முடிந்ததும் வழக்கம்போல நான் பலகையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்துக்கொண்டே வந்தேன். இழைப்பு மெஷினின் ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர் இல்லை, வில்லையும் இல்லை. அந்த நிழலின் மேல் சாக்பீஸால் ஒரு ரயில் எஞ்சின் வரைந்திருந்தது. ஜன்னலில் தொப்பி போட்ட ஒரு முகம். மூக்கு என்னுடையதுதான்.

எங்கள் இழைப்பு மெஷின் பழையது. தூள் பறக்காமல் இருக்க அதைச் சுற்றிப் பலகைத் தடுப்பு அடித்திருக்கிறோம், உள்ளே நிற்பவரை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதன் சொந்தச் சுவிட்ச் கெட்டுப்போய், தடுப்புக்கு வெளியே சுவரில், என் பலகைக்குப் பக்கத்தில், ஒரு சுவிட்ச் வைத்திருந்தோம். அதைப் போட்டால் மெஷின் ஓடும். பதினேழாம் எண் வில்லை அந்தச் சுவிட்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஈரத் துணி கொண்டுவந்து சாக்பீஸைத் துடைத்தேன். அது போகவில்லை, கறுப்பு முழுவதும் சாம்பலாக இழுகிக்கொண்டது. இரண்டு தடவை துடைத்தேன். பிறகு சுவிட்சில் இருந்த வில்லையை எடுத்து ஸ்பேனரின் ஆணியில் மாட்டினேன். ஸ்பேனர் வெளியே போயிருக்கிறது, எடுத்ததற்கு அடையாளம் அதன் இடத்தில் இருக்க வேண்டும். ஷெட்டின் விதி அதுதான்.

கொஞ்ச நேரத்தில் டெஸ் இரண்டு பலகைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். ஆற்றங்கரைப் பெஞ்சுக்கான பலகைகள். சுவிட்சைப் போட்டான்.

கிளைவின் வலது கை உள்ளே இருந்தது. இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன், அதனால் இரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் அடுத்த ஊரிலிருந்து வர வேண்டும். டெஸ் தன் சட்டையைக் கழற்றிக் கட்டி, அவனை மடியில் போட்டுக்கொண்டு, மாட்டோடு பேசுவது மாதிரி பேசிக்கொண்டே இருந்தான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, இந்தா வந்துட்டாங்க." அவர்கள் வந்தபோது கிளைவ் இல்லை.

போலீஸ் ஒரு இளம்பெண். நன்றாக விசாரித்தாள். சுவிட்சில் வில்லை இருந்ததா என்று எல்லோரையும் கேட்டாள். டெஸ் போட்டபோது இல்லை என்று நான் சொன்னேன். அது உண்மைதானே. பதினேழாம் எண் ஸ்பேனர் நிழலின்மேல் தொங்குவதைப் படம் எடுத்துக்கொண்டாள். மரண விசாரணையிலும் அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள். இறந்தவர் தன்னிடம் இருந்த ஒரே வில்லையைச் சுவிட்சில் மாட்டாமல் ஸ்பேனருக்கு மாட்டிவிட்டார், சுவிட்சைப் போட்டவர்மேல் குற்றமில்லை, இனி ஆளுக்கு இரண்டு வில்லை தர வேண்டும் என்று எழுதினார்கள். ஷெட்டில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கிளைவ் அப்படித்தானே, எதை எங்கே வைப்பான் என்று யாருக்குத் தெரியும்.

மறு வாரமே தகட்டை வெட்டி, சுவிட்சுக்கென்று தனியாகச் சிவப்பு வில்லைகள் செய்துகொடுத்தேன். உங்கள் கடிதத்தில் பாராட்டியிருந்தது அதைத்தான். வாக்கெடுப்புப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

இத்தோடு முடிந்திருக்கும். டெஸ்தான் விடவில்லை.

அவனைக் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள், ஆனால் அவன் கண்ணுக்குள் ஒரு வில்லை நின்றது. ஒரு நாள் என் வீட்டுக்கே வந்தான். டீ போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை.

"நெவ், நான் அந்த வில்லையப் பாத்தேன்டா. டீக்குப் போறப்ப சுவிட்சுல தொங்குச்சு. பதினேழு. ஒண்ணும் ஏழும் தெளிவா ஞாபகம் இருக்கு. பாத்துட்டுதான் போனேன். அப்புறம் வந்து எப்படிப் போட்டேன்? அதக் கழட்டிட்டுப் போட்டேனா? என் கையாலயா கழட்டினேன்?"

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். 'நீ பார்த்தது சரி, கழற்றியது நான்' என்று ஐந்தாறு சொல். அதைச் சொல்லியிருந்தால் அன்று இரவு அவன் தூங்கியிருப்பான். நான் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே யோசித்தேன்.

"இல்ல டெஸ்," என்றேன். "வில்லையே இல்ல. நீ வேற என்னிக்கோ பாத்திருப்பே. நம்ம வயசுல ஒரு நாள் இன்னொரு நாள்மேல ஏறிக்கும்."

"நான் யார்கிட்டயோ கேட்டேனே. முடிஞ்சிருச்சான்னு யார்கிட்டயோ கேட்ட மாதிரி இருக்கே."

"யார்கிட்டயும் கேக்கல. நேரா வந்தே, போட்டே."

அவன் என்னைப் பார்த்தான். சந்தேகப்பட்டு அல்ல. டாக்டர் சொல்வதைக் கேட்கிற முகம். சரி என்று தலையாட்டிவிட்டு, தொப்பியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனான். நான் பின்னாலேயே ஓடிக் கொடுத்தேன். "பாத்தியா," என்றேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றான்.

அதற்குப் பிறகு அவன் தன்னை நம்புவதை நிறுத்திவிட்டான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போவான். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான், பிறகு அந்தத் தாளை எழுதியது தான்தானா என்று என்னிடம் காட்டிக் கேட்பான். காரை விட்டுவிட்டான். ஷெட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பான், எதையும் தொடமாட்டான். அவன் மகள் ஜோலீன் லான்செஸ்டனிலிருந்து வந்தாள். டாக்டரிடம் போனபோது என்னையும் கூட்டிப் போனாள், அப்பாவுக்கு நெருக்கமானவர் நான்தான் என்று. டாக்டர் கேட்டார், அவர் மறந்த சம்பவங்கள் ஏதாவது சொல்ல முடியுமா என்று. என்னிடம் பட்டியல் இருந்தது. தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். கிளைவ் திருப்பி வைக்காத சில உளிகளும் அதில் டெஸ் பெயரில் சேர்ந்திருந்தன.

வீட்டை விற்றார்கள். அவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

இப்போது நான் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும்.

ஸ்பேனரின் ஆணியில் வில்லையை மாட்டியபோது, தடுப்புக்கு உள்ளே கிளைவ் விசிலடித்துக்கொண்டிருந்தான். ஸ்பேனர் பிளேடில் இடிக்கும் சத்தமும் கேட்டது. அவன் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த மெஷினை அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். டெஸ் வந்தபோது விசில் நின்றிருந்தது, திருகாணி இறுக்கும்போது கிளைவ் மூச்சைப் பிடித்துக்கொள்வான். டெஸ் சுவிட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கிளைவ் முடிச்சுட்டானா நெவ்?"

நான் ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சுவிட்சுல வில்லை இல்லையே," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போட்டான். கொலை என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் மறுக்கவில்லை. நினைத்துத்தான் செய்தேன். ஆனால் சட்டம் பேசுகிறவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது தாங்கள் செய்ததை ஒருவன் சிரித்துக்கொண்டே கலைப்பதைப் பார்த்திருக்க வேண்டும். இந்தத் தாளை நீங்கள் போலீசுக்கு அனுப்பினாலும் சரி, என் விலாசம் மாறாது.

ஷெட்டில் இப்போது ஏழு பேர் வருகிறோம். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். வருகிறவர்களும் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள், கருவி எதையும் எடுப்பதில்லை. எதுவும் தொலையாததற்குக் காரணம் அதுதான், வேறு யுக்தி ஒன்றும் இல்லை. மற்ற ஷெட்டுகளுக்கு இது உதவுமா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்ஸைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு வாரமும் அவன் அதே கேள்வியைக் கேட்பான். "வில்லை இருந்துச்சா நெவ்?" நான் அதே பதிலைச் சொல்வேன். போன மாதம் ஜோலீன் சொன்னாள், இனி அப்பாவிடம் எதைச் சொன்னாலும் மறு நாள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. அடுத்த ஞாயிறு போய், கதவைச் சாத்திவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"டெஸ், வில்லை இருந்துச்சு. நீ பாத்தது சரி. நான்தான் கழட்டினேன். அவன் உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியும். நீ என்கிட்ட கேட்டே. நான்தான் உன்னப் போட வச்சேன். உன் மூளைல ஒரு கோளாறும் இல்லடா, எப்பவும் இருந்ததில்ல."

அவன் முழுவதும் கேட்டான். பிறகு தன் பெரிய கையை என் கைமேல் வைத்தான்.

"நெவ், நீ எவ்ளோ நல்லவன்டா. நான் நிம்மதியா இருக்கணும்னு இவ்ளோ பெரிய பழியத் தூக்கித் தலைல போட்டுக்கறியே. எவன் செய்வான் இப்படி?"

"இல்ல டெஸ், நெஜமாத்தான் சொல்றேன்."

"சும்மா இருடா. நீ அப்பவே சொல்லிட்டே, வில்லை இல்லைன்னு. எனக்குத்தான் எதுவும் நிக்க மாட்டேங்குது. உன் ஞாபகத்த வச்சுத்தான் நான் ஓட்டிட்டிருக்கேன்." அவன் என் கையை இறுக்கினான். "இல்லதானே நெவ்? வில்லை இல்லதானே?"

பணிப்பெண் கஸ்டர்ட் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைப் பார்க்கவே இல்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"இல்ல டெஸ்," என்றேன். "இல்லவே இல்ல."

அவன் மூச்சு விட்டான். கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது? வரும் ஞாயிறும் போவேன். பாவம், அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.